இரண்டாம் மாடிப் பெகோனியா

எங்கள் அடுக்குமாடிக்கு நான்தான் நிர்வாகி. ஆசைப்பட்டு ஆனதில்லை. தேர்தல் நடந்த அன்று பல்வலி என்று வீட்டில் படுத்துவிட்டேன். வராதவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கட்டடம் முழுக்கப் பொடி ஈ. பயறு சூப்பில் மிதந்தது, பேசினால் வாய்க்குள் போனது. என் கணவரின் பிராந்திக் கிண்ணத்தில் விழுந்தவை மட்டும்தான் சந்தோஷமாகச் செத்தன.

"எல்லாம் ரெண்டாம் மாடிப் படிக்கட்டுச் செடியிலேர்ந்துதான் வருது," என்று கூட்டத்தில் பற்றவைத்தான் ஐந்தாம் மாடி காலின்.

அது ஸ்லாத்கா அக்காவின் பெகோனியா. வெள்ளிப் புள்ளி போட்ட இலை, ஆள் இடுப்பளவு உயரம். அவள் வீட்டுக்குள் வெயில் வராது என்பதால் தன் வாசலையொட்டிப் படிக்கட்டு ஜன்னலடியில் வைத்திருந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். அந்தச் செடியைத் தவிர அவளுக்கு வேறு பேச்சுத்துணை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"தூக்கிடலாம்," என்று முதலில் சொன்னது நான். காரணம் இருந்தது. என் குளியலறை ஜன்னலில் மூன்று தொட்டி பெகோனியா, மூன்றும் அவள் செடியில் திருடிய கிளைகள். எங்கள் ஊரில் கிளையை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, திருடினால்தான் பிடிக்கும் என்று நம்பிக்கை. ஆனால் திருடியதை வெளியே சொல்வதும் வழக்கமில்லை. பழி அவள் செடியோடு நின்றால் என் வீட்டை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவள் கையைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. செடியை அகற்றுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்.

ஸ்லாத்கா அக்கா எழுந்தாள். "என் செடியில ஈயைப் பார்த்தியா, ருமியானா?"

"பார்த்தேன்னு சொல்ல முடியாது..."

"அப்போ எல்லார் வீட்டுச் செடிகிட்டயும் மூணு நாளைக்கு, ஈ வந்து ஒட்டிக்கிற மஞ்சள் நிறப் பசை அட்டை வைங்க. நானே வந்து பார்க்கிறேன். என்னுதுல ஈ அதிகம்னா நானே குப்பையில போடறேன்."

மறுத்தால் மாட்டிக்கொள்வோம். சரி என்றோம்.

மூன்றாம் நாள் அவள் அட்டையில் ஒட்டியிருந்தது இரண்டே ஈ. என்னையும் கூட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். காலினின் சமையலறையில் வெள்ளிப் புள்ளி இலை, மண் சேறாகக் கிடந்தது, அட்டை கருப்பாகியிருந்தது.

"இது சந்தையில வாங்கினதுக்கா," என்றான், கேட்காமலே.

நான்காம் மாடி நர்ஸ் நெலியின் வீட்டிலும் அதே இலை, அதே சேறு. "எங்க அத்தை குடுத்தாங்க," என்றாள். அவளுக்கு அத்தையே கிடையாது. ஸ்லாத்கா அக்கா ஒவ்வொரு வீட்டிலும் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் என் வீடு. மூன்று தொட்டியையும் குளியல் தொட்டிக்குள் இறக்கித் திரையை இழுத்துவிட்டிருந்தேன். கதவைத் திறந்ததும் ஈக்கூட்டம் எழுந்து வந்தது. ஒன்று என் மூக்கிலேயே உட்கார்ந்தது.

அவள் திரையை விலக்கினாள். "என்னடி, குளிக்குதா?"

குனிந்து ஒரு தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏன் இப்படித் தண்ணியை ஊத்திக் கொல்றீங்க? மேல்மண்ணு காஞ்சப்புறம் ஊத்தினா ஈ வராது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டு வாங்கினா வேர் பிடிக்காதேக்கா..."

"கிளையை யாரு கேக்கச் சொன்னா? என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாச்சு. அத்தனை பேரும் என் வாசல்ல நின்னுதான் வெட்டியிருக்கீங்க. கத்தரிக்கோல் சத்தம் உள்ள எனக்குக் கேக்கும். இன்னிக்காவது யாராவது பெல் அடிப்பாங்கன்னு எழுந்து உக்காருவேன். ஒருத்தர்கூட அடிக்கல."

வெட்கத்தில் செத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். தீர்மானப் புத்தகத்தை எடுத்து, எழுதியதை அடித்தேன்.

மறுநாள் காலை படிக்கட்டு ஜன்னலடி காலியாக இருந்தது. வெயிலே வராத வீட்டுக்குள் அவளே செடியை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். நாங்கள் கை உயர்த்திக் கேட்டது நடந்துவிட்டது. இப்போது எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அந்தப் பெகோனியா வெயிலில் செழிப்பாக இருக்கிறது, அவள் வீட்டில் தவிர.