தடிக்கம்பி மேலே

கல்யாணமாகி விஜிதா சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சாம்சன் வீட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்துவிட்டான். ஹார்டுவேர் கடைக்காரன், எதையாவது கழற்றி மாட்டாமல் அவனுக்கு ஒரு நாள் போகாது. மனைவிக்கு இடது கைதான் பழக்கம் என்று தெரிந்ததும், கரண்டி மாட்டும் கம்பியை அடுப்புக்கு வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினான். மதுரைக்குப் போனபோது தேடிப்பிடித்து இடது கைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபிரிட்ஜ் கதவையே கழற்றி மறுபக்கம் திறக்கிற மாதிரி மாட்டினான்.

அவன் அம்மா ஹெலனுக்குத்தான் சங்கடம்.

"ஏலே, ஃபிரிட்ஜைத் தொறக்கப் போனா கை எங்கயோ போகுது. நேத்து பால் பாத்திரத்தை வச்சுக்கிட்டு செவுத்தப் பாத்து நிக்கேன்."

"ரெண்டு நாள்ல பழகிரும்மா."

"எனக்குப் பழகும். அவ கேட்டாளா?"

"அவ எதையும் வாயத் தொறந்து கேக்க மாட்டா. நாமதான் பாத்துச் செய்யணும்."

விஜிதாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிறந்த வீட்டில் யாரும் அவளுக்காக ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றியதில்லை.

கிட்டாருக்கும் சாம்சன் அதே வழியில்தான் வந்து சேர்ந்தான்.

விஜிதாவுக்குச் சொந்த ஊர் புளியங்குடி. கிட்டார் பழகியது பாளையங்கோட்டையில், கல்லூரி விடுதியில், அறைத்தோழி ஜெஸ்லினின் கிட்டாரில். இரவல் கிட்டாரில் கம்பியைக் கழற்றி மாற்ற யார் விடுவார்கள்? அப்படியே மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கெல்லாம் தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே. அவளுக்கு மெல்லியது மேலே, தடித்தது கீழே. புத்தகத்தில் போட்டிருந்த விரல் படங்கள் எதுவும் அவளுக்கு உதவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காதால் தேடித் தேடி, எந்தக் கம்பியில் எந்த விரல் என்று ஒவ்வொரு பிடியாகக் கண்டுபிடித்தாள். பிறகு சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கியபோதும் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டாள். பத்து வருடமாக அப்படித்தான் வாசிக்கிறாள்.

சங்கரன்கோவில் சர்ச்சில் அந்த வருட அசனப் பண்டிகைக்கு, விஜிதா தானே மெட்டுப் போட்ட ஒரு நன்றிப் பாட்டைப் பாடுவது என்று முடிவாயிற்று. தொடக்கத்தில் அவளுடைய கிட்டார் மட்டும் தனியாக வரும். இரண்டாவது சரணத்தில் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியின் கிட்டாரும் சேரும். அண்ணாச்சி பாடகர் குழுவில் இருபது வருடமாகக் கிட்டார் வாசிப்பவர். வந்து நான்கு மாதமே ஆன மருமகளுக்குச் சபையார் முன்னால் அதுதான் முதல் வாசிப்பு.

ஒத்திகையின்போது அண்ணாச்சி அவளையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏ தாயி, கையத்தான் மாத்திட்ட, கம்பிய மாத்தலியே! வௌவால் தொங்கிக்கிட்டு கிட்டார் வாசிச்ச மாதிரில்லா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். விஜிதாவும் சிரித்தாள். வாசல் பக்கம் நின்ற சாம்சனும் சிரித்துவிட்டான். சிரித்தபின் அவனுக்கே அது பிடிக்கவில்லை. தன் பெண்டாட்டியை நாலு பேர் வௌவால் என்கிறார்கள், தானும் சேர்ந்து சிரித்தோமே என்று வீடு வந்து சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"கம்பியெல்லாம் துருப்புடிச்சிருக்கு விஜி. கடையநல்லூர்ல நம்ம ஃபாரூக் இந்த வேலையெல்லாம் பாப்பான். புதுக் கம்பி போட்டுத் தந்திருவான்."

"ஞாயித்துக்கெழம பாட்டு இருக்கே அத்தான்."

"அன்னைக்கு வெள்ளன போய் வாங்கிட்டு ஓடியாந்திருதேன்."

"புதுக் கம்பி மட்டும்தானே?"

"வேற என்ன செய்யப் போறேன், போ."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்குச் சர்ச் வளாகத்தில் அண்டாக்களில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஆராதனை ஒன்பதரைக்கு, அது முடிந்ததும் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனம். வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக அரிவாள்மனை போட்டு முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தார்கள். ஹெலனும் இருந்தார். சாம்சனின் பைக் சத்தம் கேட்டதும் விஜிதா எழுந்து ஓடினாள்.

"கண்ண மூடு."

"நேரமில்ல அத்தான், குடுங்க."

உறையைத் திறந்தாள். கிட்டார் பளபளவென்று துடைத்திருந்தது. அவள் வழக்கம்போலத் திருப்பி மடியில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். தடித்த கம்பி மேலே இருந்தது.

"இது என்ன அத்தான்?"

"ஒனக்காகத்தான். இடது கைக்காரங்களுக்கு இப்படித்தான் கம்பி போடணுமாம். ஃபாரூக் வீடியோ பாத்துச் செஞ்சிருக்கான். கழுத்துல கம்பி உக்காருற வெள்ளத் துண்டக்கூட ஒனக்குத் தக்கன புதுசா போட்டிருக்கான். இனிமே எவனும் வௌவாலுன்னு சொல்ல மாட்டான்."

விஜிதா பாட்டின் முதல் பிடியைப் பிடித்து இடது கையால் மீட்டினாள். பாத்திரம் உருண்ட மாதிரி இருந்தது. இரண்டாவது பிடி. அதுவும் அப்படியே. அரிவாள்மனைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"சுருதி சேக்கலியோ?" என்றான் சாம்சன்.

"சுருதி சரியாத்தான் இருக்கு. என் விரலுக்குத்தான் எல்லாம் தலைகீழா இருக்கு."

"இப்பத்தானே நேரா இருக்கு?"

"எனக்குப் பழசுதான் நேர், அத்தான். பத்து வருசமா."

சாம்சனின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. உடனே ஃபாரூக்கைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். பின்னணியில் வேனுக்குள் பிள்ளைகள் கூச்சல்.

"மாப்ளே, நல்லா இருக்கா? தங்கச்சி என்ன சொல்லுது?"

"பழையபடி மாத்தணும்டா. இப்பவே."

"இப்பவா? நான் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கிட்டு இருக்கேன். பழைய துண்ட ஒடைச்சுத்தான் எடுத்தேன். இந்தத் துண்டுல தடிக்கம்பி அந்தப் பக்கம் உக்காராது, பாத்துக்க. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லடா. நீ கல்யாணத்தப் பாரு."

"நான் முறைப்படிதான் மாப்ளே செஞ்சேன்!"

"தெரியும்டா. வை."

ஹெலன் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"என்னட்டி, அழுதியா?"

"இல்ல அத்தை."

"ஒரு நாளைக்கு வலது கையால வாசிச்சிரேன். சோறு வலது கையாலதானே திங்க?"

"அத்தை, நீங்க அரிவாள்மனைக்கு முதுகக் காட்டி உக்காந்து கோஸ் அரிவீங்களா?"

ஹெலன் ஒரு நிமிடம் அதை நினைத்துப் பார்த்தார். "வெரலு போயிரும்."

"அதான்."

"அப்ப பாட்டு?"

"எனக்கு இந்த ஊர்ல எந்தக் கிட்டார் கெடச்சாலும் போதும் அத்தை. திருப்பிப் பிடிச்சு வாசிச்சிருவேன். இது ஒண்ணுதான் எனக்கு ஆகாது."

சாம்சன் தலையைத் தொங்கப்போட்டான். இந்த நேரத்தில் சங்கரன்கோவிலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இன்னொரு கிட்டார் எது என்று மூன்று பேருக்கும் தெரியும். சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி பஸ்ஸில் போனால் தான் நின்றுகொண்டு கிட்டாரை சீட்டில் வைப்பவர். மஞ்சள் துணியால் துடைப்பார். அவருடைய மகனே அதைத் தொட்டதில்லை.

"நான் போய்க் கேக்கேன்," என்றான் சாம்சன்.

"வேண்டாம். என் பாட்டு. நானே கேக்கேன்."

அண்ணாச்சி பாடகர் பெஞ்சில் உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் விஜிதா சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கேட்டுவிட்டுக் கிட்டாரை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"இந்தா பாரு தாயி. தர மாட்டேன்னு சொல்லல. இங்கன பாரு, இந்தக் கறுப்புத் தகடு. மீட்டுற பிக் உரசிக் கீறல் விழாம இருக்கத்தான் கம்பிக்குக் கீழ ஒட்டிருக்காவ. நீ திருப்பிப் பிடிச்சா தகடு மேல போயிரும். ஒன் கையி வெறும் பலகையிலல்லா இழுக்கும்?"

"நான் பிக் வச்சு வாசிக்க மாட்டேன் அண்ணாச்சி. வெரலாலதான்."

"நகம்?"

அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். ஒட்ட வெட்டியிருந்தது. அண்ணாச்சி அதை வைத்தியர் மாதிரிப் பார்த்தார்.

"மோதிரம்?"

கழற்றி ஹெலனிடம் கொடுத்தாள்.

"வளையல்?"

"ஏவே பாண்டியா," என்றார் ஹெலன், "கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பகூட நாங்க இவ்வளவு பாக்கலவே."

அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹெலனே ஒரு வழி செய்தார். சாம்சன் பண்டிகைக்கென்று வாங்கிய புதுச்சட்டையின் பிளாஸ்டிக் உறை இன்னும் அவன் பைக் பெட்டிக்குள் கிடந்தது. அதைப் பலகையில் தகடு இல்லாத பக்கத்தில் செல்லோடேப்பால் ஒட்டினார். சதுரமாக வெட்டித் தந்தது விஜிதா, தன் இடது கைக் கத்தரிக்கோலால். பாட்டுத்தாள்கள் வெட்டுவதற்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"சரி," என்றார் அண்ணாச்சி. "ரெண்டாவது சரணத்துல நான் சேரணுமே. நான் என்னத்த வாசிக்க?"

சாம்சன் தயங்கித் தயங்கி விஜிதாவின் கிட்டாரை நீட்டினான்.

அண்ணாச்சி வாங்கி, வலது கைக்காரராக மடியில் வைத்து, இருபது வருடம் பழகிய பிடியைப் பிடித்து மீட்டினார். மறுபடியும் பாத்திரம் உருண்டது. இன்னொரு பிடி. இன்னொரு பாத்திரம். வாயிலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னலே இது? மேல போக வேண்டியது கீழ போவுது!"

"தடிக்கம்பி உங்களுக்கு இப்பக் கீழ இருக்கு அண்ணாச்சி," என்றாள் விஜிதா.

"அப்ப ஒனக்கு எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா."

அவர் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. நெற்றியில் வேர்வை.

"ஒரு பிடிகூட வர மாட்டேங்குதே தாயி."

"எனக்கு மொதப் பிடி வரதுக்கு மூணு வாரம் ஆச்சு அண்ணாச்சி."

மணி அடித்தது.

போதகர் கையைக் காட்டியதும் விஜிதா எழுந்து முன்னால் வந்தாள். அண்ணாச்சியின் கிட்டாருக்குக் கழுத்து அகலம். அவளுடைய வலது கைப் பெருவிரல் பிடிமானம் தேடி நழுவியது. முதல் மீட்டல் விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் இடத்தைக் கண்டுபிடித்தன.

மெல்லிய கம்பி முதலில் பேசியது, பிறகு கீழே இருந்து தடித்த கம்பி. விரலால் மீட்டியதால் சத்தம் சற்றுத் தணிந்தே வந்தது; அதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள்கூட அமைதியாக இருந்தார்கள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தில் எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் கம்பிகளைத் தொடவே இல்லை. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, அதன் வயிற்றில் உள்ளங்கையால் தாளம் தட்டினார். பாட்டுக்கு அது நன்றாகத்தான் பொருந்தியது. கடைசிச் சரணத்தில் துணிந்து ஒரே ஒரு கம்பியைச் சுண்டினார். சரியான கம்பிதான். அண்ணாச்சி சபையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அசனப் பந்தியில் சாம்சன் விஜிதாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை.

"அன்னைக்கு அவிய சிரிச்சப்ப நானும் சிரிச்சிட்டேன் விஜி. அதான்..."

"நானும்தான் சிரிச்சேன். வௌவால்னா வௌவால். எனக்கு ஒண்ணும் இல்ல."

"கோவமா?"

"காலைல இருந்துச்சு. இப்பப் பசிதான் இருக்கு."

"ஃபாரூக் வந்ததும் பழையபடி மாத்தச் சொல்லிருதேன்."

"அத்தான், எனக்குன்னு எதையாவது திருப்புறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்க."

"கேக்கேன்."

"இப்பக் கேளுங்க."

"கம்பிய மாத்தட்டுமா?"

"மாத்துங்க."

"கரண்டிக் கம்பி?"

"அது அங்கனயே இருக்கட்டும்."

"ஃபிரிட்ஜ்?"

விஜிதா யோசித்தாள். "எனக்குச் சௌகரியமாத்தான் இருக்கு."

"எனக்கு இல்ல," என்றார் ஹெலன், சாம்பார் வாளியோடு அவர்கள் தலைக்கு மேல் நின்றபடி. "ஆனா இப்பப் பழகிட்டேன். நீ மறுபடி மாத்தினா கையை ஒடிச்சிருவேன்லே."

அப்போது அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்தார். தோளில் விஜிதாவின் கிட்டார்.

"யாரும் ஒண்ணையும் மாத்தாதீங்க. ஒரு வாரம் இது எங்கிட்ட இருக்கட்டும். இதுல ஒரு பாட்டாவது வாசிக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"அப்ப உங்க கிட்டாரு?" என்றான் சாம்சன்.

அண்ணாச்சி சுவரில் சாய்த்து வைத்திருந்த தன் கிட்டாரை ஒரு தடவை பார்த்தார். மஞ்சள் துணியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விஜிதாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தெனமும் தொடைக்கணும். அந்தப் பிளாஸ்டிக்கப் பிய்க்கக் கூடாது."

"சரி அண்ணாச்சி."

கேட் வரைக்கும் போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஏ தாயி! அந்த மொதப் பிடிக்கு எந்த வெரல மேல வைக்கணும்?"

விஜிதா சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள்.

"வெரலப் பாக்காதீங்க அண்ணாச்சி! கண்ண மூடிக்கிடுங்க!"

"பைக் ஓட்டிட்டுப் போகணுமேட்டி!"

பந்தி முழுக்கச் சிரித்தது. சாம்சனும் சிரித்தான், விஜிதாவைப் பார்த்துக்கொண்டே. அவள் உட்கார்ந்து, ஹெலனிடம் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டாள்.