சிவப்பு நூல் கட்டிய கொடிகள்

பூக்கும்வரை கோவைக்கொடியில் ஆண் எது, பெண் எது என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ப்பதோ பெண்கொடி மட்டும். விதை போட்டு வளர்த்து, பந்தல் முழுக்க ஆணாகிப் போனவர்களின் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இலைச்சாற்றில் மருந்து விட்டால் பெண்ணின் சாறு கருநீலமாகும், ஆணின் சாறு வெளிர்நீலத்தோடு நின்றுவிடும் என்று ஆய்வகத்துக்காரி அடித்துச் சொல்லியிருந்தாள். கொடிகளோ அவள் முகத்தில் கரியைப் பூசின. எத்தனை முறை செய்தாலும் இரண்டு குழாயிலும் ஒரே நீலம்.

"இந்தப் பருவத்துக்குள்ள வித்தியாசம் தெரியலன்னா ஆராய்ச்சிய மூடிடலாம்மா" என்று மேலதிகாரி சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்.

கொடிகள் வளர்ந்தது அண்ணியின் நாற்றங்காலில். பூத்ததும் ஆய்வகத்துக்காரி பார்த்து, பெண்கொடிகளுக்கு மட்டும் அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டி, மறுபடி துளிர்க்கட்டும் என்று எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தாள். புதுத் துளிர் பறிக்க ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். அண்ணி வாளியும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள். நூல் கட்டிய தொட்டிக்கெல்லாம் ஒரு குவளை எருக்கரைசல். மற்றதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"பாவம்டி, காய்ச்சுக் கொட்டப் போறவ. தெம்பு வேணாமா? அவனுக்கு என்ன, பூத்துட்டு சும்மாதானே நிக்கப் போறான்?"

எரு கூடினால் கருநீலம் தரும் ஃபீனால் என்ற வேதிப்பொருள் இலையில் குறைந்துவிடும்.

"ஊட்டி ஊட்டி அவளை அவனாட்டமே ஆக்கிட்டீங்களே அண்ணி!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரைக் கோபித்துக்கொள்வது? நூலைக் கட்டிக் காட்டிக்கொடுத்தவளே இவள்தான்.

நூலை அவிழ்த்துவிட்டு, தொட்டிகளில் எண் எழுதினாள். எந்த எண் யார் என்பதை மட்டும் அண்ணியிடம் மூச்சுவிடவில்லை. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், எல்லோருக்கும் வெறும் தண்ணீரையே ஊற்றினாள்.

பருவம் முடியுமுன் ஆய்வகத்துக்காரி, மேலதிகாரி முன்னாலேயே மறுபடி மருந்து விட்டாள். ஒரு குழாய் வெளிறியே நின்றது. மற்றது மெல்ல மெல்லக் கருநீலமானது. மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மூட வேணாம்மா" என்றார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணி குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். "பட்டினி போட்டாத்தான் யாருன்னு காட்டுவியாடி, கழுத?"

அன்று வீட்டில் அண்ணி எல்லோருக்கும் ஒரே அளவாகப் பரிமாறினாள். அண்ணன் தன் தட்டைப் பார்த்தார், தங்கையின் தட்டைப் பார்த்தார்.

"என்னடி, இன்னிக்கு எனக்குக் குறையுது?"

"சோதனை நடக்குதுங்க" என்றாள் அண்ணி. "பேசாம சாப்பிடுங்க."