டாக்டரம்மா சொன்ன 'இல்லை'

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் படுத்திருந்த பெண், "நீங்க செஞ்சிருக்கீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

யார் கேட்டாலும் "வருஷாவருஷம்" என்று வாய் கூசாமல் சொல்வது டாக்டரின் வழக்கம். ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகும் இப்போது உதிரம் படுகிறது. அதற்கும் மனம் மரக்கட்டையாகத்தான் கிடந்தது. இன்று பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"இல்லம்மா."

"நல்ல கதையா இருக்கே. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு?" சிரித்தவள், டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "எனக்கு முடிச்சிட்டு, பக்கத்து ரூம் டாக்டரம்மாகிட்ட நீங்க போய்ப் படுங்க. நான் வெளியில உக்காந்திருக்கேன்."

அவளுக்கு முடித்ததும் டாக்டர் பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்தாள். பயம்கூட வரவில்லை. கதவுக்கு வெளியே அந்தப் பெண் இருமுவது கேட்டது. கடவுள் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று மட்டும் தோன்றியது.