மாடி யார் கேட்டது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நீதிபதி, அரசு வழக்கறிஞர், தம்பிக்காக வாதாடிய வக்கீல், சேமிப்புச் சங்கத்தில் பணத்தைப் பறிகொடுத்த தையற்கார அம்மா, குற்றவாளிக் கூண்டில் தம்பி, பெஞ்சில் அவன் மனைவி, அவளுக்கு இரண்டு இடம் தள்ளி அவன் அக்கா. சொந்தத்தில் வேறு ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சங்கத்தின் காசாளராக இருந்த தம்பி கணக்கைத் திரித்தான் என்பது போன மாதமே முடிவாகிவிட்டது. எத்தனை வருடம் என்பதுதான் மிச்சம். அதைக் குறைக்க வக்கீல் ஒரு வழி வைத்திருந்தார். மனைவியின் ஆடம்பரம் தாங்காமல்தான் அவன் கைவைத்தான் என்று அக்கா சாட்சி சொல்ல வேண்டும். அக்காவும் தலையாட்டியிருந்தாள். வந்தவள் பேர் கெட்டாலும் பிறந்த வீட்டுப் பேர் தப்புமே.

இடைவேளையில் தம்பி மனைவி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

"அண்ணி, வக்கீல் சொன்னார். அப்படியே சொல்லிடுங்க."

"உனக்குக் கோபம் வரலையா?"

"நான் செலவாளியாம்! இந்தச் செருப்பப் பாருங்க, மூணு தடவ தச்சாச்சு. ஜட்ஜு குனிஞ்சு பாத்தா கேஸே கவுந்துடும்." சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கால உள்ள இழுத்துக்கறேன். அவர் சீக்கிரம் வந்தாப் போதும், அண்ணி."

அக்கா குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தாள். அதற்குள் அழைத்துவிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி நிமிர்ந்து நின்றாள்.

"உங்க தம்பி மனைவி ஆடம்பரமா இருப்பாங்களா?" என்றார் வக்கீல்.

"இல்லீங்க. என் வீட்டுக்கு மாடி கட்டிக் குடுன்னு நான்தான் தம்பியக் கேட்டேன். அவன் சம்பளம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும், பணம் ஏதுடான்னு கேக்கல. தெருவே அண்ணாந்து பாத்துச்சு, எனக்கு அது போதுமா இருந்துச்சு. கொத்தனார் ரசீதெல்லாம் என் பேர்லதான் இருக்கு, தரேன். வீட்ட வித்து முதல்ல இந்தத் தையக்காரம்மாவுக்குக் குடுத்துடறேன்."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டார்.

"அக்கா, வேணாம்க்கா," என்றான் தம்பி.

"நீ வாய மூடுடா," என்றாள், வீட்டுக் கூடத்தில் அதட்டுவதுபோல.

நான்கு வருடம் என்று தீர்ப்பானது. அரசு வழக்கறிஞர் கேட்டதும் அதுவேதான். வெளியே படியிறங்கும்போது அக்காவுக்குக் கால் தடுமாறியது. தம்பி மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். படி முடிந்த பிறகும் விடவில்லை.

தம்பியைக் காப்பாற்ற அக்கா இல்லாத பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று சொந்தத்தில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அவள் நடந்ததைத்தான் சொன்னாள்.