கிதாருக்குள் ஒரு பிடி சாமை

1

கிதாரை விற்றுவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முடிவு செய்துவிட்டவன் எதற்காகக் கதை எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி அம்சவேணியும் அதைத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, விக்கறதுன்னா வித்துப்போடுங்க. இல்லாட்டி பேசாம ஆணியில மாட்டி வெய்ங்க. ரெண்டுங்கெட்டானா உக்காந்து எதுக்குக் காயிதத்தைக் கெடுக்கறீங்க?"

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் அது ஒன்பது வருஷமாகத் தொங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். எனக்கு வாசிக்கத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கித் துடைத்து, நாலு தட்டுத் தட்டிவிட்டு மாட்டிவிடுவேன். சேலத்தில் கல்யாண பேண்டு வைத்திருக்கும் குழந்தைவேல் போன வருஷமே நல்ல விலைக்குக் கேட்டார். அப்போது மாட்டேன் என்றேன். இப்போது சரி என்று கார்டு போட்டிருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துப் போவார்.

இன்று வியாழன் சாயங்காலம். அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'கொல்லிமலையின் மேல் மூடுபனி—'

அடித்துவிட்டேன். மலையைப் பற்றி எழுதுகிறவனெல்லாம் மூடுபனியில்தான் ஆரம்பிக்கிறான். நான் ஏறியது சித்திரை மாதம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் தொடக்கம்: '1958ஆம் வருஷம் அண்ணாமலை என்ற குமாஸ்தா, கொசு மருந்து அடிக்கும் ஆட்களோடு கொல்லிமலையிலுள்ள வளப்பூர் நாட்டுக்கு நடந்தே ஏறினான். அங்கே இருசாயி என்ற பெண்ணின் வீட்டில் ஒரு பழைய கிதாரைக் கண்டான். அதன் மேல் அவனுக்கிருந்த ஆசையைப் பார்த்து, அவள் மனமுவந்து அதை அவனுக்கு—'

இந்த வாக்கியம் மூன்று தடவையும் இதே இடத்தில் நின்றுவிட்டது. பேனாவில் மை இருக்கிறது.

3

நின்றதை விட்டுவிட்டு, நடந்ததில் பொய் இல்லாத பகுதியை மட்டும் சொல்கிறேன்.

மருந்து அடிக்குமுன் வீட்டிலுள்ள சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். இருசாயி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். பானைகள், கம்பளி, மிளகு மூட்டை. கடைசியாக, அடுப்புக்கு நேர் மேலே இருந்த பரணிலிருந்து விதைச் சாமைக் கூடையை இறக்கினாள். கூடவே புகைபிடித்துக் கரிச்சட்டி நிறத்தில் ஒரு கிதார் இறங்கியது.

"இது எதுக்கு வெதையோட?" என்று கேட்கப்பட்டது. (கேட்டது யார் என்பதைப் பிறகு பார்ப்போம்.)

"பொகையில கெடந்தாத்தானுங்க சாமி பூச்சி புடிக்காது. எங்கண்ணன் மாதனோட பொட்டிங்க அது. காப்பித் தோட்டத்துத் தொரைகிட்ட சமையல் வேலை பாத்துச்சு. தொரை சீமைக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனாரு. அண்ணன் அதுல எல்லாப் பாட்டும் வாசிக்கும். அப்பறம் வேற மலைக்கு வேலைக்குப் போயிருச்சு. வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கறனுங்க."

ஒவ்வொரு வருஷமும் விதை இறக்கும் அன்று அதையும் இறக்கி, விளக்கெண்ணெய் தடவி, எல்லாக் கம்பியையும் ஒருமுறை இழுத்துவிட்டு, மறுபடி பரணில் ஏற்றிவிடுவாளாம்.

4

அண்ணாமலை மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரொம்ப நல்லவனாக இருக்கிறான். மலைவாழை கொடுத்தால் மறுக்கிறான், எல்லோரையும் வாங்க போங்க என்கிறான். இப்படி ஒரு குமாஸ்தாவை எங்கள் இலாகாவில் நான் கண்டதில்லை. அவனைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். அவன் நான்தான். என் பெயர் அர்த்தனாரி.

அவள் மனமுவந்து தரவில்லை. நான் சொன்னது இது:

"இந்த மரத்துல பூச்சி இருக்குது. ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும்."

"பொகையில கெடந்ததுல பூச்சி ஏதுங்க சாமி?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாதவன் செய்வதைத்தான் நானும் செய்தேன். குரலை உயர்த்தி, "சர்க்கார் உத்தரவு" என்றேன். அப்படி ஒரு உத்தரவு எந்தக் காகிதத்திலும் கிடையாது.

 இருசாயி கூடையிலிருந்து ஒரு பிடி சாமையை அள்ளி, கிதாரின் வயிற்றுத் துளைக்குள் போட்டாள்.

"பரண்ல இருந்து எறங்குனா அது வெதைங்க. வெதைய நாங்க விக்கறதில்லீங்க, சும்மாவும் குடுக்கறதில்லீங்க. கொண்டு போங்க. வெளைஞ்சதும் கொண்டாந்து குடுத்துருங்க. அண்ணன் வந்தா கேக்கும்."*

* விதை வாங்கியவர் விளைந்ததும் வாங்கிய அளவோடு ஒரு பிடி சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. தராதவனை யாரும் திட்டுவதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான்.

அவள் என்னை நம்பினாளா, அல்லது திருடன் என்று தெரிந்தே கடன்காரனாக்கி அனுப்பினாளா என்று ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன். இறங்கி வரும் வழியெல்லாம் என் தோளில் சாமை சலசலத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

5

இப்போது மலைக்கு ரோடு போட்டு பஸ் விட்டிருக்கிறார்கள். ரோடு நல்லதுதான். ஆனால் கேள்விகளும் அதில் இறங்கி வருகின்றன.

பஸ் கண்டக்டர் மாணிக்கம் ஒருநாள் என்னை டீக்கடையில் பிடித்தான். "சார், மேல ஒரு அம்மா கொசு மருந்து குமாஸ்தான்னு உங்களைக் கேட்டாங்க. வெளைஞ்சுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. என்னங்க சார், மலையில நெலம் கிலம் வாங்கிப் போட்டிருக்கறீங்களா?"

"இன்னும் இல்லைன்னு சொல்லு," என்றேன்.

அடுத்த வருஷமும் கேட்டான். அதே பதில். இந்தத் திங்கட்கிழமை அவனே ஓடி வந்தான்.

"சார், அந்த அம்மாவோட அண்ணன் வந்துட்டாருங்களாம். கால் ஒண்ணு வெளங்காமப் போச்சுங்களாம். ஊட்டுலயே உக்காந்திருக்காராம். வெளைஞ்சுதான்னு இப்ப அவரும் கேக்கறாருங்க."

அன்று மத்தியானம்தான் குழந்தைவேலுக்குக் கார்டு போட்டேன். பொருள் கையில் இல்லாவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை, பாருங்கள். முதல் பகுதியில் இதைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

6

முடிவு ஒன்று: அர்த்தனாரி காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறுகிறான். மாதன் கிதாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு— (இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அங்கே நான் என்ன சொல்வேன்? ஆபீசில் ஒன்பது வருஷம் பூச்சி தேடினோம் என்றா?)

முடிவு இரண்டு: குழந்தைவேல் வருகிறார். "உள்ள என்னமோ குப்பை கெடக்குதுங்க, உதறிக் குடுங்க" என்கிறார். போன வருஷமே அப்படித்தான் சொன்னார்.

உதறினேன். திங்கட்கிழமை சாயங்காலம், யாரும் இல்லாத நேரம் பார்த்து. உள்ளங்கையில் பாதி வந்தது. பின்கட்டில் சும்மா கிடந்த ஒரு தொட்டியில் அதைத் தூவி மண்ணைத் தள்ளினேன். வெள்ளிக்கிழமைக்குள் முளைத்தால் பஸ், முளைக்காவிட்டால் சேலம். எனக்கும் அந்தச் சாமைக்கும் அதுதான் ஒப்பந்தம்.

இன்றுவரை முளைக்கவில்லை. ஆகவே விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணாமலையைப் போல இதையும் அடித்துவிடத்தான் பார்த்தேன். அந்தத் தொட்டிக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

பின்கட்டில் செம்புச் சத்தம் கேட்கிறது. அம்சவேணி துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம்.

"ஏனுங்க, இந்தத் தொட்டியில என்னத்தையோ வெதைச்சிருக்கறீங்களே. தண்ணி ஊத்தட்டுங்களா?"

இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டாள்.  நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவளுக்குக் கேட்க வேண்டும்.