பதினேழாவது கிட்டார்காரர்

ஒவ்வொரு புது ஆளும் முந்தினவர் விட்டுப்போன டேப்பைக் கேட்டே பாட்டுப் பழக வேண்டும். ‘ஸ்பேஸ் ராக்’ என்ற விண்வெளி பாணி ராக் இசை வாசிக்கும் அந்தக் குழுவின் வழக்கம் அது. பதினைந்து வருடத்தில் பதினாறு கிட்டார்காரர்கள் வந்து போய்விட்டார்கள். பாடகர்களும் மாறினார்கள். மாறாதவர் ஒலியமைப்பைக் கவனிக்கும் தியாகராஜா மட்டுமே.

1996இல் பதினேழாவது ஆளைத் தேடி லண்டன் சவுத்தாலில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். மூன்றாவதாக நரைத்த தலையோடு வந்தவரைக் கண்டதும் தியாகராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழுவையே தொடங்கிய கீத்! எண்பத்து மூன்றில் சண்டை பிடித்துக்கொண்டு போனவர். இளசுகளுக்கு அவரைத் தெரியவில்லை. சொல்லிவிடாதே என்பதுபோல் கீத் கண்ணைக் காட்டினார்.

தாமே கட்டிய பாட்டைத்தான் வாசித்தார். பாதியில் பாடகன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“நடுப்பகுதி பிழை. எங்கள் டேப்பைக் கேட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.”

கீத் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார்.

அன்றிரவு வீட்டில் தியாகராஜாவின் மனைவி செல்வமலர், “ஆள் கிடைச்சுதோ?” என்று கேட்டாள்.

“எங்க கிடைக்கிறது! பாட்டைக் கட்டினவனுக்கே பாட்டுத் தெரியாதாம்,” என்றார் தியாகராஜா. “அவன்ர கையில டேப்பைக் குடுத்து அனுப்பினது நான்தான்.”