மூச்சு விட்ட பிணம்

டைரக்டர் இன்னொண்ணு எடுத்த ஏழு படங்களிலும் ஒரு பிணம் வரும். ஏழிலும் பிணமாகப் படுத்தவன் அவனேதான்.

இன்னொண்ணு என்பது ஊர் வைத்த பெயர். ஒரு ஷாட் எவ்வளவு நன்றாக வந்தாலும் "இன்னொண்ணு போகலாம்" என்பான். பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் அதையே சொல்லி, மணப்பெண்ணின் முதல் முறைப்பை அங்கேயே வாங்கிக்கொண்டவன். மற்றபடி மகா கெட்டிக்காரன். ஒரு பழைய கேமராவையும், படத்துக்குப் படம் தன் கடைக் குழாய்களைக் காட்டச் சொல்லும் ஒரு குழாய்க்கடை மச்சானையும் வைத்துக்கொண்டு அவன் எடுத்த படங்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசல் படத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

நடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. திருடனாக, குடிகாரனாக, ஊரே காறித் துப்பும் கணவனாக, எதற்கும் வருவார்கள். பிணமாகப் படுக்கச் சொன்னால் மட்டும் ஒருவருக்கு முதுகுவலி வந்துவிடும், இன்னொருவருக்கு மாமியார் ஊரிலிருந்து வந்துவிடுவார். அதனால் அவனே படுத்தான். படுத்ததில் ஒரு சிக்கல். நல்ல தொப்பை அவனுக்கு. பதினோரு விநாடிக்கு மேல் மூச்சை அடக்கவும் வராது. எழுதுகிற பிணக் காட்சிகளோ நாற்பது விநாடிக்குக் குறையாது.

இதையெல்லாம் பூசி மெழுகுவது கத்தரியின் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டிய அறையில் உட்கார்ந்து, ஏழு படங்களையும் வெட்டி ஒட்டிய எடிட்டர் அவள். அவனைவிட ஏழு வயது மூத்தவள்.

"தம்பி, உன் வயிறு தூளி மாதிரி ஏறி இறங்குது. இதை நான் எங்க கொண்டு ஒளிக்கிறது?"

"அதான் நீங்க இருக்கீங்களே அக்கா."

ஒளித்தாள். பதினோராவது விநாடியில் படம் பிணத்தை விட்டு விலகிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டும். அவன் அவசரமாக மூச்சு வாங்கி முடித்ததும் திரும்பி வரும். அதைவிடப் பெரிய தொல்லை காட்சி முடிகிற இடம். டைரக்டரே பிணம் என்பதால் 'கட்' சொல்ல வேண்டியதும் பிணம்தான். அது வாயைத் திறப்பதற்குக் கால் விநாடி முன்னால் அவள் வெட்டியாக வேண்டும்.

இந்தக் கடிகாரங்களைப் பற்றி ஒரு பேராசிரியர் முப்பத்திரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதினார். மனிதன் நின்ற பிறகும் ஓடுகிற காலம், அது இது என்று. அதைப் படித்துவிட்டு இன்னொண்ணு எடிட்டிங் அறைத் தரையில் உருண்டு சிரித்தான். "அக்கா, நாம ரெண்டு பேரும் தத்துவ ஞானிங்களாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." கத்தரி இன்றுவரை சொன்னதில்லை.

ஏழாவது படத்துக்கு அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தத் தடவ கடிகாரம் கிடையாது. அடக்கிக் காட்டுறேன் பாருங்க" என்றான். ஒரு மாதம் குளியலறையில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை விட்டுப் பழகினான். பதினோரு விநாடி பதினான்கு ஆனது. அந்தத் தைரியத்தில், படத்தின் கடைசிக் காட்சியை இரண்டு நிமிட ஒற்றை ஷாட்டாக எடுத்துவிட்டான். அப்பா செத்துக் கிடக்கிறார். யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று சண்டை போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள். காலி அறையில் அவரும் ஜன்னல் திரையும் மட்டும். சுவரில் கடிகாரம் இல்லை, ஆணிதான் இருந்தது.

படப்பிடிப்பு முடிந்த பத்தொன்பதாம் நாள், வங்கியில் வரிசையில் நின்றவன் தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. கொண்டு போன ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேலையில் இருந்த நர்ஸ் அவன் மனைவி.

எழுபது நாள் கழித்து, ஊர்த் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் நினைவாக அந்தப் படத்தைத் திரையிட ஏற்பாடாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னால் குழாய்க்கடை மச்சான் மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை.

"அந்தக் கடைசி சீன் வேண்டாம்னு தங்கச்சி சொல்றா. அவரு செத்துக் கிடக்கிறதை ஒரு தடவ பாத்தது போதுமாம். அவ்வளவு பெரிய திரையில இன்னொரு தடவ முடியாதாம்."

"அது இல்லைன்னா படமே இல்லைங்க."

"எனக்கும் தெரியுது. ஆனா அவ சொல்றப்ப நான் என்ன செய்ய?"

அவர் போன பிறகு கத்தரி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவன் எடுத்ததிலேயே உயர்ந்த காட்சி அது. அதை வெட்டினால் படம் அந்தரத்தில் நிற்கும். அப்படியே விட்டால் ஊர் தொப்பையைப் பார்த்துச் சிரிக்கும். ஏழு படமாக அவனைச் சிரிப்பிலிருந்து காப்பாற்றியவளுக்கு அது பொறுக்காது. முதலில் காட்சியைக் குறையில்லாமல் முடிப்போம், பிறகு நர்ஸின் காலிலாவது விழுவோம் என்று தீர்மானித்தாள்.

இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். திரைத்துணி மட்டும் அசையும்படி விட்டுவிட்டு, படுத்திருந்தவனை மட்டும் அங்குலம் அங்குலமாக உறைய வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஓட்டிப் பார்த்தாள். தொப்பை அசையவில்லை. இமை துடிக்கவில்லை. அவள் செய்ததிலேயே சுத்தமான வேலை. ஆஸ்பத்திரியில் அவன் இப்படித்தான் கிடந்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை காலை, டியூட்டி முடிந்த கையோடு நர்ஸே வந்தாள்.

"எடுத்துட்டீங்களா அக்கா?"

"இன்னும் இல்லம்மா. ஒரே ஒரு தடவ பாரு. நான் கைவைக்காதது."

"வேண்டாம்" என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கத்தரி கேட்டும் கேட்காதவளாக ஓட விட்டாள். சத்தம்தான் முதலில் வந்தது. "திரை ஆடட்டும், ஃபேனைக் கூட்டுங்க. என் மூக்குல ஈ உக்காந்தா யாரும் ஓட்ட வராதீங்க. ம், ஆக்‌ஷன்." அதைச் சொல்லிவிட்டுப் பிணம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

நர்ஸ் திரும்பினாள். "செத்தவங்க இப்படியா கண்ணை மூடுவாங்க? எத்தனை தடவ சொல்லிக் குடுத்திருப்பேன்."

பதினான்காவது விநாடியில் தொப்பை பொங்கியது. கொஞ்ச நேரம் தம் பிடித்தது, மறுபடி பொங்கியது. பிறகு அடக்குவதையே விட்டுவிட்டுச் சீராக ஏறி இறங்கியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. உதடு அசைந்தது.

"பதினெட்டு" என்றாள். "நிமிஷத்துக்குப் பதினெட்டு. அன்னிக்கு நல்லாத்தான் இருந்திருக்கார்."

பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது இருக்கட்டும் அக்கா."

"அசையாம பண்ணி வச்சிருக்கேன்மா. அதைப் போடுறேன். இதைப் போட்டா தியேட்டரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். செத்தவரை நான் பாத்துட்டேன். இது உயிரோட இருக்கிறவர். இவரைப் போடுங்க."

கத்தரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தன் வாழ்நாளின் சுத்தமான இரண்டு நாள் வேலையை நர்ஸின் கண்ணெதிரிலேயே அழித்தாள். நர்ஸ் படியிறங்கிப் போன பிறகு, காட்சியின் வாலில் இன்னும் கொஞ்சம் சேர்த்து விட்டாள். அதை யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிரம்பியது. முதலில் பேராசிரியர் இருபது நிமிடம் பேசினார். "கடிகாரத்தைக் கவனியுங்கள்" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படம் ஓடியது. குழாய்கள் வந்தபோது மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிக் காட்சி வந்தது.

பின் வரிசையில் ஒருவர் முனகினார். "யப்பா, மூச்சு விடுறான்டா."

சிரிப்பு அங்கே தொடங்கி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கத்தரி தலையைக் குனிந்துகொண்டாள். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்றிருந்தது. பக்கத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நர்ஸ்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. ஆனால் யாரும் கண்ணை எடுக்கவில்லை. தொப்பை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, தியேட்டரே அவனோடு சேர்ந்து மூச்சு விட்டது. "கடிகாரம் எங்கே?" என்று பேராசிரியர் கிசுகிசுத்தார். மச்சான் அவர் கையை அழுத்தினார்.

இரண்டாவது நிமிட முடிவில் பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. நேராகத் தியேட்டரைப் பார்த்தது.

"கட்" என்றது. "நல்லா வந்துச்சு. இன்னொண்ணு போகலாம்."

திரை இருண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்குப் போட வேண்டிய ஆபரேட்டர், பதினெட்டு வருஷமாக அவன் படங்களை ஓட்டியவர், விளக்கைப் போடவில்லை. மேலே அவர் அறையில் ஏதோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதே காட்சி திரையில் மறுபடி வந்தது. ஜன்னல் திரை ஆடியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவன் படுத்திருந்தான், மூச்சை அடக்கியபடி.

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.